தோட்டத்தில் மிஞ்சும் கைகள் எங்கே போவது?

யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண் ஊர்களில் இரண்டு பேச்சு ஒரே காலத்தில் காதில் விழும். வெங்காயம் நடும் நேரத்தில் கமக்காரர், "கூலிக்கு ஆள் பிடிக்க முடியவில்லை" என்பார். அதே ஒழுங்கையில் இன்னொரு வீட்டில், "படித்த பிள்ளைக்கு வேலை இல்லை, சும்மா தகப்பனோடு தோட்டத்துக்குப் போய் வருகிறான்" என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஒரே ஊரில் ஆள் தட்டுப்பாடும் ஆள் மிச்சமும் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்று பிடிபட்டால், பொருளியலில் 'மிகை உழைப்பு' என்று சொல்வதில் பாதி விளங்கிவிடும். அந்த உழைப்பை விவசாயத்துக்கு வெளியே உள்ள தொழில்களுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் மற்றப் பாதி. உயர்தரத்தில் பொருளியல் படிக்கிறவர்கள் இதைப் பரீட்சைக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். நம் ஊரைப் புரிந்துகொள்ள இதைவிட உதவும் கருத்துகள் குறைவு என்று நினைக்கிறேன்.

சரி, ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். உரும்பிராய்ப் பக்கம் எட்டுப் பரப்புத் தோட்டம், அதாவது அரை ஏக்கர். தாய், தகப்பன், வளர்ந்த பிள்ளைகள் இருவர். நாலு பேரும் தோட்டத்தில்தான் நிற்கிறார்கள். மூத்தவன் நாளைக்கே வேறு வேலைக்குப் போய்விட்டால் விளைச்சல் குறையுமா? பெரும்பாலும் குறையாது. மற்ற மூவரும் காலையில் கொஞ்சம் முந்தி இறங்கி, மாலையில் கொஞ்சம் பிந்தி ஏறுவார்கள். ஆக, அவன் அந்தத் தோட்டத்தில் நின்றதால் கூடுதலாக விளைந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒருவர் கூடுவதால் கூடும் விளைச்சலைப் பொருளியலில் 'எல்லை உற்பத்தி' என்பார்கள். அது பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அங்கே இருப்பது மறைமுக வேலையின்மை.

இதில் அவன் சோம்பேறி என்ற பொருள் துளியும் இல்லை. விடியற்காலை தண்ணீர் கட்டுகிறான், களை பிடுங்குகிறான், மருந்து அடிக்கிறான். இரண்டு பேருக்கு உரிய வேலையை நாலு பேர் பகிர்ந்து செய்கிறார்கள், அவ்வளவுதான். குடும்பத் தோட்டத்தில் யாரையும் வேலையை விட்டு நிறுத்த முடியாது. இருக்கிறதைப் பங்குபோட்டுச் சாப்பிடுவதுதான் வழக்கம்.

அரசாங்கக் கணக்கில் இது தெரியவும் மாட்டாது. தொழிற்படை மதிப்பீட்டில், கேட்கப்படும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலே ஒருவர் தொழில் உள்ளவர். சம்பளம் இல்லாமல் வீட்டுத் தோட்டத்தில் உதவுகிறவரும் தொழில் உள்ளவரே. எனவே வேலையின்மை வீதம் குறைவு என்று செய்தியில் வருவதை வைத்துக் கிராமத்தில் எல்லோருக்கும் போதிய வேலை இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. வேறொரு கணக்கு இதைவிட நன்றாகக் காட்டும். இலங்கையில் தொழில் செய்வோரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் விவசாயத்தில் இருக்கிறார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் விவசாயத்தின் பங்கோ பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அவ்வளவு பேர் சேர்ந்து அவ்வளவு சின்னப் பங்கை வகுத்துக்கொள்கிறார்கள்.

லூயிஸ் சொன்னது

இதை ஒரு கோட்பாடாக எழுதியவர் ஆர்தர் லூயிஸ். கரிபியன் தீவான சென் லூசியாவில் பிறந்தவர். 1954இல் வெளியான அவருடைய கட்டுரை, ஏழை நாடுகளின் பொருளாதாரத்தை இரண்டு துறைகளாகப் பிரித்தது. ஒன்று, குடும்பத்தோடு பிழைப்புக்காகச் செய்யும் விவசாயம் போன்ற பழைய துறை. மற்றது, இலாபத்துக்காக நடக்கும் ஆலை, சுரங்கம் போன்ற புதிய துறை. முதலாவதில் ஆள் மிச்சம். இரண்டாவதில் மூலதனம் இருக்கிறது, ஆள் வேண்டும்.

அந்த உரும்பிராய்க் குடும்பத்துக்கே திரும்பினால் அவருடைய தர்க்கம் எளிதில் பிடிபடும். செலவு போக வருடத்துக்கு 12 இலட்சம் ரூபாய் மிஞ்சுகிறது என்று கணக்குக்காக வைப்போம். நாலு பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 3 இலட்சம். மூத்தவனால் கூடுதலாக விளைவது பூச்சியம் என்றாலும் அவன் பங்கு 3 இலட்சம். ஆகவே வெளியில் ஒரு வேலை அவனை இழுக்க வேண்டுமென்றால் 3 இலட்சத்தோடு பஸ் காசு, வாடகை, ஊரை விட்டு நிற்கும் கஷ்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடத் தர வேண்டும். அப்படி ஒரு வேலை கிடைத்து அவன் போனால், தோட்டத்தில் அதே 12 இலட்சம் மூன்று பேருக்கு. ஆளுக்கு 4 இலட்சம். போனவனுக்கும் நன்மை, இருந்தவர்களுக்கும் நன்மை, நாட்டின் மொத்த உற்பத்தியும் கூடுகிறது. யாருடைய பங்கையும் பறிக்காமல் எல்லோரும் உயரக்கூடிய வழி என்பதால்தான் இந்தக் கருத்து அத்தனை நாடுகளைக் கவர்ந்தது.

புதிய துறையின் முதலாளி தன் இலாபத்தை மறுபடி தொழிலில் போட்டால் இன்னும் ஆட்களை எடுப்பார். கிராமத்தில் மிச்சம் இருக்கும்வரை கூலி பெரிதாக ஏறாது. மிச்சம் தீர்ந்ததும், இனி ஒருவரை எடுத்தாலும் வயலில் விளைச்சல் குறையும் என்ற நிலை வரும். அங்கிருந்து கூலி ஏறத் தொடங்கும். இதற்கு லூயிஸ் திருப்புமுனை என்று பெயர். சீனாவின் குவாங்டொங் மாகாண ஆலைகளில் 2004 அளவில் ஆள் தட்டுப்பாடு தோன்றியபோது, சீனா அந்தத் திருப்புமுனைக்கு வந்துவிட்டதா என்று பெரிய விவாதமே நடந்தது.

இலாபம் மறுபடி தொழிலுக்கே போகும் என்பது இந்த வாதத்தின் அச்சாணி. அது கழன்றால் எல்லாம் நிற்கும். நம் ஊரில் தோட்டத்திலோ வியாபாரத்திலோ சேர்ந்த காசு எங்கே போனது? காணி, வீடு, சீதனம், பிள்ளையின் படிப்பு, பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவு. குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் இவற்றில் ஒன்றையும் பிழை சொல்ல முடியாது. போர் நடந்த நிலத்தில் ஆலை கட்ட யார் துணிவார்கள்? ஆனால் அந்தக் காசு இன்னும் பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் பட்டறையாக மாறவில்லை.

மிஞ்சுவது ஆளா, நாளா?

லூயிஸை எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் தியடோர் ஷுல்ட்ஸ் ஒரு கேள்வி கேட்டார். 1918–19 இன்ஃபுளுவென்சா காய்ச்சலில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிகை உழைப்பு உண்மையென்றால் பயிர் செய்த பரப்பு குறைந்திருக்கக் கூடாதே? குறைந்தது. ஆகவே பூச்சிய உற்பத்தி என்பதே பிழை என்றார். அதற்கு இந்தியப் பொருளியலாளர் அமர்த்தியா சென், ஆட்களின் எண்ணிக்கை வேறு, உழைக்கும் நேரம் வேறு என்று பதில் வைத்தார். ஒருவர் போனால் மிச்சப் பேர் கூடுதல் நேரம் உழைத்து ஈடுசெய்தால் விளைச்சல் குறையாது. ஆனால் அந்தக் கூடுதல் நேரம் ஒன்றும் இலவசம் இல்லை. கொள்ளைநோய் வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்து ஆளை எடுப்பதில்லை. சில குடும்பங்களையே முழுதாகக் கொண்டுபோகும். அதை வைத்து மிகை உழைப்பை அளக்க முடியாது. எதிரெதிராக நின்ற லூயிஸும் ஷுல்ட்ஸும் 1979இல் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்குச் சென்னின் பதில்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். காலபோக நெல் வடகீழ்ப் பருவமழையை நம்பி விதைக்கப்படுகிறது. அறுவடை தை, மாசியில். தோட்டப் பயிருக்குச் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி நிற்கும் கிணற்று நீர். நடுகை, அறுவடை நாட்களில் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். அப்போது வீட்டு ஆட்களும் போதாது, கூலியாளும் கிடைக்காது. அந்த நாட்கள் கழிந்ததும் அதே கைகள் வெறுமனே இருக்கும். வருடக் கணக்கில் பார்த்தால் ஆள் மிச்சம், தை மாதத்தில் பார்த்தால் ஆள் தட்டுப்பாடு. தொடக்கத்தில் சொன்ன இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று முரண்படாமல் இருப்பது இதனால்தான்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம் வருகிறது. முழுநேரத் தொழிற்சாலை வேலைக்கு ஒருவரை எடுத்துவிட்டால், அவருடைய வெறும் நாட்களோடு நெருக்கடி நாட்களும் சேர்ந்து போய்விடும். அந்த நெருக்கடி நாட்களை எதைக்கொண்டு நிரப்புவது? பழைய விடை ஒன்று நம் கிணற்றடியிலேயே இருக்கிறது. துலா என்ற ஏற்றத்தால் இறைத்த காலத்தில் ஒருவரோ இருவரோ துலாவில் ஏறி மிதிக்க வேண்டும், ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற வேண்டும், இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் கட்ட வேண்டும். 1950கள், 60களில் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரம் பரவியதும் ஒரே ஆள் போதும் என்றானது. இயந்திரம் வாங்க முடிந்தவர் வீட்டில் இரண்டு மூன்று பேருடைய விடியற்காலைகள் விடுபட்டன. இயந்திரம் அளவில்லாமல் இறைத்ததால் கிணறு உவராகும் சிக்கலும் கூடவே வந்தது. அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

விடுபட்ட கைகள் போன இடம்

யாழ்ப்பாணத்து வரலாறு பாடநூல் பாதையில் நடக்கவில்லை. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823இல் தொடங்கிய செமினரியும் அதைத் தொடர்ந்த பள்ளிக்கூடங்களும் ஆங்கிலம் படித்த ஒரு தலைமுறையை உண்டாக்கின. அவர்கள் தோட்டத்திலிருந்து நேரே மேசைக்குப் போனார்கள்: கொழும்பில் அரச உத்தியோகம், மலாயாவில் ரயில்வே, எழுதுவினைஞர் வேலை. ஊருக்குக் காசுக்கட்டளை வந்தது. மண்ணில் கல்லும் வறட்சியுமாக இருந்த ஒரு குடாநாடு இத்தனை பேரைத் தாங்கியதற்கு அந்தக் காசு பெரிய காரணம்.

இந்தப் பாதை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காணி உள்ள சாதியாருக்குப் பள்ளிக்கூட வாசல் முதலில் திறந்தது. அவர்களுடைய தோட்டத்தில் கூலிக்கு உழைத்த ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்கு அது நீண்ட காலம் மறுக்கப்பட்டது. வகுப்பறையில் மற்றப் பிள்ளைகளோடு சமமாக உட்காரும் சம ஆசனத்துக்கே போராட வேண்டியிருந்தது. உழைப்பு மிஞ்சியது ஒரு வீட்டில், வெளியேறும் வாய்ப்பு இன்னொரு வீட்டில். இன்றைக்கும் காணியில்லாத கூலிக் குடும்பங்களே கடைசியில் நிற்கின்றன. இதைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் அரைத் திட்டம்.

பிறகு மேசையும் சுருங்கியது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம், 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவருக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்திய தரப்படுத்தல். அதே காலத்தில், 1970க்கும் 1977க்கும் இடையே, இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. படித்த இளைஞர்கள் மண்ணுக்குத் திரும்பினார்கள். விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற வன்னிக் குடியேற்றங்களிலும் மிளகாய் செழித்தது. உழைப்பு விவசாயத்தை விட்டுப் போவதற்குப் பதிலாக உள்ளே வந்த காலம் அது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறக்கப்பட்டதும் அந்த விலை நிலைக்கவில்லை.

ஆலை என்று சொல்ல நம்மிடம் ஒன்றுமே இல்லாமல் இல்லை. காங்கேசன்துறையில் சீமெந்து, பரந்தனில் இரசாயனம், ஆனையிறவில் உப்பு. வலிகாமத்துச் சுண்ணாம்புக் கல்லும் கடலேரி நீரும் இங்கேயே இருந்தன. தோட்டக்காரரின் மகன் சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் மாதச் சம்பளம் இருந்தது. போர் அவற்றை நிறுத்தியது. வலிகாமம் வடக்கில் ஆலையோடு ஊர்களும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. தோட்டத்துக்கும் விமானத்துக்கும் நடுவே நிற்க வேண்டிய படி அப்படி உடைந்தது. அதற்குப் பிறகு மிகை உழைப்பு என்றால் கனடா, பிரான்ஸ், இலண்டன், சுவிஸ் என்றானது.

சீனா அந்த நடுப்படியை வேண்டுமென்றே கட்டியது. 1970களின் கடைசியில் நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டதும், வயலுக்குத் தேவைப்படாத ஆட்கள் எத்தனை பேர் என்று வெளியே தெரிந்தது. நகரங்களுக்கு அவர்கள் குடிபெயரக் குடியிருப்புப் பதிவு முறை தடையாக இருந்தது. அதனால் ஊருக்குள்ளேயே சிறு ஆலைகள் எழும்பின: செங்கல், துணி, உணவு, விவசாயக் கருவிகள். இந்த ஊர்த் தொழில்களில் 1978இல் ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் பேர் வேலை செய்தார்கள். 1996இல் அது ஏறத்தாழ 13 கோடியே 50 இலட்சம். மண்ணை விடு, ஊரை விடாதே என்பது அன்றைய கொள்கை. அதன் பிறகு பல ஆலைகள் தனியார் கைக்குப் போயின, சில மூடப்பட்டன, கோடிக்கணக்கானோர் கடலோர நகரங்களுக்குப் போனார்கள். பெற்றோரைப் பிரிந்து கிராமத்தில் வளர்ந்த பிள்ளைகள் பெரிய துயரமாகினர். எல்லாவற்றையும் நாம் பார்த்துச் செய்யத் தேவையில்லை. ஆனால் ஊருக்குப் பக்கத்தில் வேலையை வைப்பது என்ற முதற்படி எங்களுக்கு மிகவும் பொருந்துகிறது.

வேலைக்காகக் காத்திருப்பது

வேலை பக்கத்தில் இல்லாமல் தூரத்தில் மட்டும் நல்ல சம்பளம் இருந்தால் என்ன நடக்கும் என்பதை 1970இல் ஹரிஸ், டொடாரோ என்ற இருவர் விளக்கினார்கள். நகரத்தில் வேலை கிடைக்கும் சாத்தியம் பாதிதான் என்றாலும், சம்பளம் கிராமத்தைப் போல மூன்று மடங்கு என்றால் ஆட்கள் போவார்கள். அதனால் நகரத்தில் வேலையில்லாதோர் பெருகுவார்கள். இதில் நகரம் என்ற இடத்தில் அரச உத்தியோகம் என்று போட்டுப் பாருங்கள். ஓய்வூதியம், நிலையான சம்பளம், கல்யாணச் சந்தையில் மதிப்பு. 2017இல் யாழ்ப்பாணத்தில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் தெருவில் இருந்து போராடியது பலருக்கு நினைவிருக்கும். இப்படிக் காத்திருப்பவர்களைக் குறை சொல்வது எளிது. அவர்களுக்கு முன்னால் உள்ள மற்ற வேலைகள் எவ்வளவு நிச்சயமற்றவை என்று பார்த்தால் அந்தக் காத்திருப்பில் கணக்கு இருக்கிறது. தனியார் வேலையில் ஊழியர் சேமலாப நிதியும் ஒழுங்கான சம்பளமும் உறுதியானால்தான் அந்தக் கணக்கு மாறும்.

போருக்குப் பிறகு கட்டிட வேலை நிறையப் பேரை எடுத்தது. இந்திய வீட்டுத்திட்டம் மட்டும் நாடு முழுதும் 50,000 வீடுகளுக்கானது. அதில் பெரும்பங்கு வடக்கு, கிழக்குக்கு. மேசன், தச்சர், கையாள் எல்லோருக்கும் கை நிறைய வேலை. வீடுகள் கட்டி முடிந்ததும் அந்த வேலையும் முடிந்தது. வாழ்வாதார உதவி என்று கோழி, ஆடு, தையல் இயந்திரம் கொடுத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரே ஊரில் இருபது பேர் தையல் தொடங்கினால் உடுப்புத் தைக்கக் கொடுப்பவர் யார்? மிகை உழைப்பு தோட்டத்திலிருந்து தையல் இயந்திரத்துக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். மூன்று பேர் குந்தியிருக்கும் பெட்டிக்கடையும், சந்தியில் வரிசையாக நிற்கும் ஓட்டோக்களும் இந்த வகையே. விவசாயத்தை விட்டு வந்தார்களா என்பதோடு, வந்த இடத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு முன்பைவிடக் கூடுதலாக உழைத்துப் பெறுகிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

அப்படிப் பெறக்கூடிய வேலைகள் எவை? தோட்டத்தின் மேலேயே கட்டப்படும் தொழில்கள் என்று முதலில் சொல்வேன். வெங்காயமும் தக்காளியும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்து விலை விழும்போது, சேமிப்புக் களஞ்சியம், உலர்த்தல், பொதியிடல் இருந்தால் அந்த விளைச்சல் மாதக்கணக்கில் வேலை தரும். மிளகாய்த்தூள், மோர்மிளகாய், வடகம், நல்லெண்ணெய், ஒடியல், பனங்கட்டி எல்லாவற்றுக்கும் வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களே நிலையான சந்தை. தரச் சான்றும் ஏற்றுமதி ஒழுங்கும்தான் குறை. அதோடு இவற்றில் பல, தோட்டத்து வெறும் மாதங்களோடு பொருந்தி வரும். இரண்டாவது, கைத்திறன்: கராஜ், மின்னிணைப்பு, குளிரூட்டி திருத்தல், இரும்பு ஒட்டு வேலை. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் தேசிய தொழிற்றகைமை (என்.வி.கியூ.) எடுக்கலாம். கணினித் துறையும் வளர்கிறது. ஆனால் அது எடுக்கும் பிள்ளைகள் ஏற்கனவே படித்தவர்கள், தோட்டத்துக் கூலியாளை அது நேரடியாக எடுக்காது.

பெண்களை இந்தப் பேச்சில் தனியாகப் பார்க்க வேண்டும். வெங்காயம் நடுவது, களை எடுப்பது, துப்புரவாக்குவது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கையில். நாள் கூலியோ ஆண்களைவிடக் குறைவு. போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள் பலர். அவர்களுக்கு ஆலை வேலை இருக்கிறதா என்பதற்கு முன்னால், பின்னேரம் ஆறு மணிக்கு ஊருக்குத் திரும்ப பஸ் இருக்கிறதா, பிள்ளையைப் பார்க்க ஒரு பராமரிப்பு நிலையம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆலை கட்டும் செலவோடு பார்த்தால் இவை சின்னச் செலவு.

கடைசியாக, தோட்டத்தில் மிச்சம் இருப்பவர்கள். ஆள் குறைந்தும் விளைச்சல் குறையாமல் இருக்க, ஒருவர் கூடுதல் நிலத்தைச் செய்ய வேண்டும். தூவல் நீர்ப்பாசனமும் சிறு உழவு இயந்திரமும் அதற்கு உதவும்; தூவல் முறை நீரையும் மிச்சப்படுத்தும். நிலம்தான் சிக்கல். எட்டுப் பரப்பு, நாலு பரப்பு என்று துண்டுபட்ட காணிகள், பாதிக்குச் சொந்தக்காரர் வெளிநாட்டில். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி விற்பதென்றால் பங்காளிகளுக்கு முதலில் சொல்ல வேண்டும். குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சில் நடக்கிறது; எழுதிக் கொடுத்தால் காணி கைவிட்டுப் போய்விடும் என்று உரிமையாளர் பயப்படுகிறார், வருடா வருடம் மாறும் குத்தகையை நம்பி யாரும் குழாய் பதிக்கப் போவதில்லை. ஐந்து வருடத்துக்கு எழுத்தில் குத்தகை, முடிந்ததும் காணி திரும்பும் என்ற உறுதி, அதற்குக் கமநல சேவை நிலையத்தில் ஒரு பதிவு. இவ்வளவு கிடைத்தால், பக்கத்துத் தரிசுத் தோட்டத்தையும் சேர்த்து இருபது பரப்புச் செய்ய ஆயத்தமாக இருக்கும் இளம் கமக்காரர் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.